மேல் ஸ்டாப், கீழ் ஸ்டாப்

அவர் ஒரு டீயை முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. நல்லூரில் நாங்கள் வேலை பார்த்த நிட்டிங் கம்பெனியில் பதினோரு மணிக்கு டீ வரும். டம்ளரை வாங்குவார், இரண்டு வாய் குடிப்பார், அப்புறம் தலையைச் சாய்த்துக் கேட்பார். பன்னிரண்டு மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் எனக்கு என் பேச்சே காதில் விழாது. அவருக்கு மட்டும் ஏழாம் நம்பர் மெஷினில் ஒரு ஊசி மற்ற ஊசிகளைப் போல இறங்கவில்லை என்பது கேட்டுவிடும். டம்ளரை எங்கேயாவது வைத்துவிட்டுப் போய் மெஷினை நிறுத்துவார். அந்த டம்ளரை நான்தான் தேடி எடுத்துக் கழுவுவேன். நூல் கோன் அடுக்கின் மேல் இருக்கும், ஃபியூஸ் பெட்டி மேல் இருக்கும், ஒரு தடவை என் டேபிளுக்கு அடியிலேயே இருந்தது.

அவர் எங்கள் ஃபிட்டர். சேவூர்க்காரர். ஆபரேட்டர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'பிரேக்கு' என்பார்கள். நான் ரோல் செக்கிங். மெஷினிலிருந்து இறங்குகிற துணியை வெளிச்சக் கண்ணாடி மேல் விரித்து, ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை பார்த்து எழுதுகிற வேலை. என் வீட்டுக்காரர் அங்கேயே ஆபரேட்டர். நாங்கள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சபை, மற்ற நாளெல்லாம் கம்பெனி என்று எங்கள் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது.

கூட வேலை செய்த ஒரு பையனின் கல்யாணத்துக்கு எல்லோரும் பல்லடம் போனோம். தனியார் பஸ், நிற்க இடமில்லை. பாதி வழியில் எங்கள் ஃபிட்டர் எழுந்து கண்டக்டரிடம் போனார்.

"பின் சக்கரத்துல ஒரு சத்தம் வருதுங்க. நிறுத்தச் சொல்லுங்க."

"ஏனுங்ணா, நீங்க மெக்கானிக்குங்களா, சாமியாடிங்களா?"

"நிறுத்திட்டு என்னனாலும் பேசுங்க."

நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். டிரைவர் இறங்கி நான்கு சக்கரத்தையும் உதைத்துப் பார்த்துவிட்டு ஏறினார். கடைசி சீட்டுக்கு அடியில் யாரோ கொண்டுபோன தேங்காய் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. அவ்வளவுதான். பஸ்ஸே சிரித்தது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இவருக்கு வெட்கமே இல்லை.

"ஒண்ணுமில்லீன்னு இப்பத்தானுங்க தெரியுது. நிறுத்தாமப் போயிருந்தா தெரிஞ்சிருக்குமுங்களா?" என்றார்.

என் வீட்டுக்காரர் என் காதில், "ஏட்டி, இந்த மனுசன் வீட்ல எப்படித்தான் குடும்பம் நடத்துதாரோ," என்றார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காகப் பின்னால் வருத்தப்பட்டேன்.

ஏன் வருத்தப்பட்டேன் என்பதைச் சொன்னால் எங்கள் குற்றத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிடுகிறேன்.

நிட்டிங் மெஷினில் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு கம்பி உண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்டாப் என்போம். நூல் அறுந்தால் கம்பி விழும், சிவப்பு விளக்கு எரியும், மெஷின் தானாக நிற்கும். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுத் திரும்ப ஓட்ட வேண்டும். அந்த மாதம் வந்த நூல் மட்டம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நின்றது. என் வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் கீழ் ஸ்டாப்பை வேஸ்ட் நூலால் கட்டிவிட்டார். கட்டினால் கம்பி விழாது, விளக்கு எரியாது, மெஷின் பாட்டுக்கு ஓடும். எல்லா ஆபரேட்டரும் எப்போதாவது செய்கிறதுதான். மேல் ஸ்டாப் இருக்கிறதே என்ற தைரியம்.

மத்தியானம் ரோல் என் டேபிளுக்கு வந்தது. வெளிச்சம் வைத்துப் பார்த்தால் துணி முழுக்கக் கண் கண்ணாக ஓட்டை. எந்த மெஷின், யார் கை என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சுருட்டி நல்ல ரோல்களோடு வைத்துவிட்டேன்.

ஃபிட்டர் எப்படியோ அந்த ரோலை எடுத்து வந்துவிட்டார்.

"அம்மணி, இத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்ண்ணே."

"வெளிச்சம் வெச்சுங்களா?"

நான் அடுத்த ரோலைப் பிரிக்கத் தொடங்கினேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. நேராகப் போய் மெஷினை நிறுத்தி, கட்டியிருந்த வேஸ்ட் நூலைப் பிளேடால் அறுத்தார். பிறகு மேல் ஸ்டாப்பைத் தட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. அது செத்து எத்தனை நாளாயிற்றோ. கீழே இருந்தது ஒன்றே அத்தனை நாளும் இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. துணி நன்றாக வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. முதலாளியிடம் போய், "மேல் ஸ்டாப்பு போயிருச்சுங்க, நாந்தான் பாக்காம உட்டுட்டேன்," என்றார். எங்கள் இரண்டு பேர் பெயரும் அவர் வாயில் வரவில்லை. அன்று வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் முழங்கால் போட்டு ஜெபித்தோம். எழுந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால்தான், அடுத்த வருஷம் அவர் என் டேபிளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அம்மணி, ஒரு ஒதவி வேணுமுங்க," என்றபோது, என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே சரி என்றுவிட்டேன்.

"என்ற புள்ளைகிட்ட ஒண்ணு பேசோணுமுங்க. எனக்கு வாய் வரலீங்க."

"அவ அம்மா இருக்காவள்லா?"

"அவ காதுலயே போட்டுக்க மாட்டீங்கறா. ஒறம்பரை, சொந்தக்காரங்க யாருகிட்டச் சொன்னாலும் பொழுதோட ஊரு பூரா போயிருமுங்க. நீங்க எங்க சனத்துல கலக்காதவங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்னை நம்பித்தான் கேட்கிறார் என்பதும் புரிந்தது.

விஷயம் இது. அவருடைய அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். கோயமுத்தூரில் வைத்தியம். அவர் அம்மா போனதும் அதிலேதான். அம்மாவின் தங்கச்சியும் நாற்பது வயதில் அதிலேதான் போனார். அக்காவைப் பார்த்த லேடி டாக்டர் ஒரு தாளில் குடும்பத்தை மரம் மாதிரி வரைந்துகொண்டே இவரிடம், உங்களுக்குப் பெண் இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார். "இருக்காளுங்க. அவளுக்கென்னங்க, அவ அம்மா வழி சுத்தம்," என்று சொல்லியிருக்கிறார் இவர். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

அவரை மட்டும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேசினால் முதலில் என்ன கூட்டம் என்றுதான் கேட்பார்கள். கூட்டம் என்றால் குலம், அப்பன் வழி. ஒரே கூட்டத்தில் கட்ட மாட்டார்கள். அதை எட்டுத் தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருப்பார்கள். ஆனால் பெண்பிள்ளையின் உடம்பு என்று வந்தால் அம்மாவைத்தான் பார்ப்பார்கள். அவர் சம்சாரம் என்னிடமே சொன்னார்: "அத்தைக்கு வந்தது மருமகளுக்கு எப்பிடீங்க வரும்? எங்கம்மா எழுவது வயசுல இன்னும் காட்டு வேலை செய்யறா. என்ற புள்ள என்னையக் கொண்டு பொறந்தவ." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நோய் பொம்பளைக்கு வருகிறது, அதனால் பொம்பளை வழியில்தான் வரும் என்று. ஆம்பளை நடுவில் நின்று கை மாற்றிக் கொடுப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

அக்காவின் ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பி, ஒரு ஜீன் பழுது என்று வந்துவிட்டது. இவர் யாரிடமும் சொல்லாமல் தன் ரத்தத்தையும் கொடுத்திருக்கிறார். அதிலும் அதே பழுது. மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, எக்ஸ்போர்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. பல்லடத்தில் பவர்லூம் வைத்திருக்கிற குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, ஜாதகம் பொருந்தி, நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. மகளுக்கும் ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று இவருக்குத் தவிப்பு. ஆனால் ஒரு அப்பன் வாயால் மார்பு என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

அந்தப் பெண்ணை ஒரு மத்தியானம் ஆபீஸ் வாசலில் பார்த்துச் சொன்னேன். முழுதும் கேட்டாள். "அப்பாவுக்கு இதச் சொல்ல ஒரு ஆளு வேண்டியிருக்குதுங்களா அக்கா," என்று மட்டும் கேட்டாள். அப்பா, மகள், நான் என்று மூன்று பேரும் கோயமுத்தூர் போனோம்.

டாக்டர் சின்ன வயசுதான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"நம்ம உடம்புல செல் ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சுக்கிட்டே இருக்கும்மா. பிரியறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற டி.என்.ஏ. எழுத்து முழுசையும் பார்த்து இன்னொண்ணு எழுதும். அவ்வளவு எழுதினா பிழை வராம இருக்குமா? பிழை வந்தா, 'இரு, இப்பப் பிரியாதே'ன்னு நிறுத்தறதுக்குச் சில ஜீன் இருக்கு. நிறுத்தினப்புறம் அறுந்ததச் சேர்க்க வேற சில ஜீன். சேர்க்கவே முடியலைன்னா அந்தச் செல்லைச் சாகச் சொல்லும். இந்தக் காவல் இருக்கறதாலதான் நாம எல்லாரும் கட்டி இல்லாம உக்காந்திருக்கோம்."

இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எல்லாத்துலயும் ரெண்டு இருக்குமுங்களா?"

"ஆமா. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு பிறக்கறப்பவே பழுதா இருந்தாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும்."

"ஒண்ணு செத்திருக்கறது வெளிய தெரியாதுங்க. துணி நல்லாவே வரும்," என்று மேல் ஸ்டாப், கீழ் ஸ்டாப் எல்லாவற்றையும் மேஜை மேல் விரலால் வரைந்து காட்டினார். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார்.

"சரியாச் சொல்றீங்க. ஏதோ ஒரு வயசுல, ஏதோ ஒரு செல்லுல அந்த ரெண்டாவதும் போனா, அங்கதான் ஆரம்பம். ஆனா ஒண்ணு, உங்க குடும்பத்துல பழுதாகியிருக்கறது நேரா நிறுத்தற ஜீன் இல்ல. அறுந்ததச் சேர்க்கறது."

"முடிச்சுப் போடற ஆளுங்களா?"

"அந்த ஆளுதான். அவரு இல்லைன்னா பிழை மேல பிழை சேரும். சேரச் சேர, ஒரு நாள் நிறுத்தற ஜீனும் கெட்டுப் போகும். அப்புறம் அந்தச் செல் யாரு சொன்னாலும் கேக்காம பெருகும்."

"ஸ்பேர் மாத்த முடியாதுங்களா?"

"முடியாதுங்க. பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

அவர் முகம் சுண்டியது. பார்த்துக்கொண்டே இருப்பது என்பது அவர் உடம்பில் இல்லாத விஷயம்.

மகள் நிதானமாகத்தான் கேட்டாள். "எனக்கு இருக்குதுங்களா டாக்டர்?"

"பாதிக்குப் பாதி. உங்கப்பாகிட்ட இருந்த ரெண்டுல எது உனக்கு வந்துச்சுன்னு ரத்தம் பார்த்தாத்தான் தெரியும். இருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல. மத்தவங்களவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். இருந்தா, இன்னும் ரெண்டு வருஷத்துலேருந்து வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம். குழந்தை குட்டின்னு ஆனப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம். இன்னிக்கே ஓட வேண்டியதில்ல."

"எடுத்துருங்க," என்றார் இவர். "இன்னிக்கே ரத்தம் எடுத்துருங்க."

"நான் குடுக்கலைங்கப்பா."

"என்ன கண்ணு?"

"தெரிஞ்சு போச்சுன்னா அப்பறம் மறைக்கோணும். பல்லடத்துக்காரங்ககிட்ட மறைச்சுட்டு அந்த ஊட்டுல போயி நான் எப்பிடீங்க சிரிச்சுட்டு இருப்பேன்? நீங்க மொதல்ல அங்க போயிச் சொல்லுங்க. உங்களுக்கு இருக்குது, எனக்கும் இருக்கலாம்னு சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, கைய நீட்டறேன்."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவளுக்குச் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று தடவை சீட் மாறி உட்கார்ந்தார். மகள் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு நான் சபை முடிந்து அவரோடு பல்லடம் போனேன். நான் வந்தால்தான் அப்பா பாதியை விழுங்காமல் சொல்லுவார் என்று மகள் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு ஒட்டியே தறிக் கூடம். ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடியது. மாப்பிள்ளையின் அப்பா எதிரே உட்கார்ந்தார், மாப்பிள்ளை தூணோரம் நின்றான், அவன் அம்மா முறுக்குத் தட்டை வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றார்.

இவர் சொன்னார். எதையும் விழுங்கவில்லை. அம்மா, சின்னம்மா, அக்கா, தன் ரத்தம், மகளுக்குப் பாதிக்குப் பாதி, எல்லாம். பாதியிலேயே அந்த அம்மா உள்ளே போய்விட்டார். நாங்கள் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளவும் வரவில்லை. எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது.

"சொன்னது நல்லதுங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "ஊட்டுல பேசிட்டுத் தகவல் சொல்றமுங்க."

மூன்றாம் நாள் தரகர்தான் போன் பண்ணினார். ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகத்தில் இப்போது ஏதோ இடிக்கிறதாம்.

அவர் சம்சாரம் அதற்குப் பிறகு அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாராம். என்னைக் கடைவீதியில் பார்த்தபோது, "கூடித் தெகைஞ்சு வந்த சம்பந்தமுங்க அது. போயிக் கெடுத்துட்டு வரச் சொல்லி நீங்க கும்படற சாமி சொல்லுச்சுங்களா?" என்று கேட்டார்.

மகள் சொன்னபடி கையை நீட்டினாள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். நான் தினமும் ஜெபித்தேன். முதலில், இல்லை என்று வர வேண்டும் என்று கேட்டேன். நாலைந்து நாளில் அந்த வார்த்தை என் வாயிலேயே நிற்கவில்லை. ரத்தம் எடுத்தாயிற்று. உள்ளே எது எழுதியிருக்கிறதோ அது அவள் பிறப்பதற்கு முன்னாலேயே எழுதியது. கர்த்தர் அறியாமல் எழுதியதும் இல்லை. அப்படியிருக்க நான் எதை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்? பிறகு, தாங்குகிற பெலனைத் தாரும் என்று மட்டும் கேட்டேன். அந்த வாரங்களில் இவர் நல்லா ஓடுகிற மெஷின்களையும் நிறுத்தினார். ஆபரேட்டர்கள் கத்தினார்கள். முதலாளி கூப்பிட்டு, "ஏனப்பா, உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீன்னா ரெண்டு நாள் ஊட்டுல இரு," என்றார்.

ஒரு நாள் என் டேபிளருகே வந்து நின்றார். வெளிச்சத்தின் மேல் விரித்திருந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இருக்குதாமுங்க."

நான் ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

"என்ற கைல ரெண்டு இருந்துச்சுங்க அம்மணி. நல்லதக் குடுத்திருக்கலாம்."

"நீங்களா பாத்துப் பொறுக்கிக் குடுத்திய? என்ன பேச்சுண்ணே இது."

"இல்லீங்கதான்," என்றார். "ஆனாலும் நாந்தானுங்களே குடுத்தது." போய்விட்டார்.

மகள் அவரைப் போல இல்லை. ஆபீஸ் போனாள், வந்தாள். டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள்.

அந்தத் தேதி அன்று காலையில் வாட்ச்மேன் என்னை வந்து கூப்பிட்டார், யாரோ ஒரு அம்மா தேடி வந்திருக்கிறார் என்று. கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில், மஞ்சப்பையும் கையுமாகப் பல்லடத்து அம்மா நின்றார். மாப்பிள்ளையின் அம்மா. பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். அந்த ஃபிட்டர் வேலை செய்கிற கம்பெனி எது என்று விசாரித்து விசாரித்து வந்தாராம்.

"உங்களத்தான் பாக்க வந்தனுங்க," என்றார். சுற்றிப் பார்த்துவிட்டு, முந்தானைக்கு மேலேயே இடது பக்கம் கையை வைத்துக் காட்டினார். "ஏழெட்டு மாசமாத் தெரியுமுங்க. பையன் கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். அன்னிக்கு அவரு சொல்லச் சொல்ல எனக்கு நிக்க முடியலீங்க. உள்ள போயி உக்காந்துட்டேன். அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்கன்னு சொல்லுவீங்களா?"

"ஊட்ல தெரியுமாம்மா?"

"சொல்லுலீங்க. சேலை எடுக்கப் போறேன்னு வந்துட்டேன்."

நான் உள்ளே போய் அவரிடம் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரை வைத்தார். பிறகு மண்ணெண்ணெயில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார். நானே கூட்டிப்போகிறேன் என்று கேட்டுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் அந்த அம்மா மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். ஆம்பளையோடு அந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்? அதுவும் இவரோடு? எனக்கோ அன்று லாரிக்குப் போக வேண்டிய ரோல்கள் நாற்பதுக்கு மேல் கிடந்தன. இவர் வாட்ச்மேன் ரூமிலிருந்து மகளுக்குப் போன் போட்டார். என்ன சொன்னாரோ, இரண்டே வார்த்தைதான் பேசினார்.

கால் மணி நேரத்தில் அவள் வண்டியில் வந்து நின்றாள். ரிப்போர்ட் கவர் முன்னால் பையில் இருந்தது. என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மரத்துக்குப் பின்னாலிருந்து தலையைக் குனிந்துகொண்டு வந்த அந்த அம்மாவைப் பார்த்தாள். அவள் ஏதாவது கேட்டால் நியாயம்தான், கேட்டால் அந்த அம்மா அடுத்த பஸ்ஸில் பல்லடம் திரும்பிவிடுவார்.

"உன்ற பின்னாடி உக்காந்து வர எனக்கு மூஞ்சி இல்ல கண்ணு," என்றார் அந்த அம்மா.

அவள் வண்டியை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. ஏறுங்க. ஒம்பது நாப்பது பஸ்ஸ உட்டா அப்பறம் டோக்கன் கெடைக்காது."

அந்த அம்மா ஏறி உட்கார்ந்தார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கை காற்றில் நின்றது. அவள் பின்னால் கையை நீட்டி அந்தக் கையைப் பிடித்துத் தன் இடுப்பில் வைத்தாள். வண்டி காங்கேயம் ரோட்டில் ஏறியது. அவர் கேட்டுக்கு வெளியே ரோட்டு ஓரம்வரை போய் நின்றார். நிறுத்தச் சொல்லிக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.